கண்ணாடி உடைந்தால் யார் வருவார்? – மல்யுத்த நுழைவுப் பாட்டு குறித்த ஓர் ஆய்வு

ஆராய வேண்டியதையெல்லாம் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது ஒன்றுதான்: நூற்றுமுப்பது கிலோ எடையுள்ள ஒருவர், கோவணத்தைவிடச் சற்றே பெரிய உடையில், இன்னொருவரை நாற்காலியால் அடிக்கப் போகும்போது எலக்ட்ரிக் கிதார் ஏன் அலற வேண்டும்? இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முயல்கிறது. ஆய்வின் எல்லை அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம், தேவைப்பட்டால் ஜப்பான். கிரேக்க, ரோமானிய மல்யுத்தங்களுக்குப் பாட்டு கிடையாது என்பதால் அவை நாகரிகமடையாதவை எனக் கொண்டு விலக்கப்பட்டன.

முதலில் மூலம். இத்துறையின் ஆதிபுருஷர் கார்ஜியஸ் ஜார்ஜ் என்பதில் அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. (அறிஞர்கள் என்று இங்கே குறிப்பது, விடிய விடிய ரெஸ்லிங் பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழியும் என் நண்பர்களை.) 1940-களில் அவர் தலைமுடியைச் சுருட்டிப் பொன்னிறமாக்கி, மினுமினுக்கும் அங்கி போர்த்தி, முன்னால் வாசனைத் தைலம் தெளிக்க ஓர் ஏவலாளையும் வைத்துக்கொண்டு, எல்கரின் ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ அணிவகுப்பு இசை முழங்க வந்தார். அமெரிக்காவில் அது பட்டமளிப்பு விழாவில் வாசிக்கிற இசை. பட்டம் வாங்க நடப்பது போல நடந்துவந்து ஒரு மனிதர் அடுத்தவர் கண்ணில் விரலை விட்டால் கூட்டத்துக்குக் கோபம் வருமா வராதா? வந்தது. டிக்கெட்டும் விற்றது. பின்னாளில் ராண்டி சாவேஜ் அதே இசைக்கு அதைவிட மினுமினுப்பான அங்கியோடு வந்ததை வழிநூல் எனலாம்.

ராக் இசை வந்த கதையில் ஜப்பானுக்கும் பங்குண்டு. 1977-இல் அங்கே முகமூடி வீரர் மில் மாஸ்கராஸ் ‘ஸ்கை ஹை’ என்ற பாப் பாட்டோடு நுழைந்தார். அமெரிக்காவின் தென்பகுதியில் ஃபேபுலஸ் ஃப்ரீபேர்ட்ஸ் என்ற மூவர் அணி ஒருபடி மேலே போய், லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் பாட்டிலிருந்து பெயரையே எடுத்துக்கொண்டது. அவர்களில் மைக்கேல் ஹேய்ஸ் 1983-இல் தங்களுக்கான பாட்டைத் தாமே பாடியும்விட்டார். பிறகு ரோடு வாரியர்ஸ் என்ற இரட்டையர். முகத்தில் சாயம், தோளில் ஆணி ஆணியாகக் கூர்முனைகள், பின்னால் பிளாக் சபாத்தின் ‘அயர்ன் மேன்’. ஹெவி மெட்டல் இவர்களோடுதான் உள்ளே வந்தது. வந்தது போகவே இல்லை.

தெருக்கூத்தில் ராஜா வேஷம் வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சலங்கை கேட்கும், குரல் கேட்கும். யார் வருகிறார் என்பது காதுக்குத் தெரிந்துவிடும், கண் காத்திருக்கும். நம் ஆய்வின் மையக் கருத்தும் அந்த இடைவெளிதான். மல்யுத்தத்தில் நுழைவுப் பாட்டு என்பது முழுப் பாட்டல்ல, முதல் இரண்டு விநாடி. மிச்சமெல்லாம் ஆள் நடந்து வந்து சேருவதற்கான போக்குவரத்துச் செலவு.

சான்று கேட்பார்கள். 1999 ஜனவரி 4 அன்று ஒளிபரப்பான ‘ரா’ நிகழ்ச்சியைப் பாருங்கள். இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரம். சாம்பியன் தி ராக். எதிரே மேன்கைண்ட் என்ற மிக் ஃபோலி, உடம்பெல்லாம் அடிவாங்கியே பிழைப்பு நடத்திய நல்ல மனிதர். வளையத்தைச் சுற்றி இரு தரப்பு ஆட்களும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறார்கள். திடீரென்று சலீர். ஒரு கண்ணாடி உடையும் சத்தம். மேடையில் இன்னும் ஒருவரும் இல்லை. ஆனால் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றாகிவிட்டது. ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டின் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகிறார், வந்து நாற்காலியால் ராக்கை ஒரு போடு போடுகிறார், ஃபோலி முதல்முறையாக உலக சாம்பியன் ஆகிறார். கூட்டத்தின் இரைச்சலில் பாதி, ஆள் தெரிவதற்கு முன்பே செலவாகிவிட்டது என்பதைக் கவனிக்க. அந்தச் சலீருக்குப் பின்னால் வரும் கிதாரை யாராவது வாய்விட்டு முணுமுணுக்கக் கேட்டதுண்டா? கண்ணாடியை எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கண்ணாடியை உடைத்தவர் ஜிம் ஜான்ஸ்டன். 1985 முதல் 2017 வரை ‘ரா’ நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்தின் இசைக்கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டு என்று செய்துகொடுத்துக்கொண்டே இருந்தார். அண்டர்டேக்கருக்கு அவர் தந்தது ஒரு சாவு மணி. அதைத் தொடர்ந்து ஷோப்பானின் இறுதி ஊர்வல இசையைத் தழுவிய மெட்டு. மணி அடித்ததும் விளக்கெல்லாம் அணையும். எதிராளி முகத்தில் ஈ ஆடாது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற கோட்பாடு எந்த ஆதாரமும் இல்லாமல் பரவியதற்கு அவருடைய உயரமா காரணம்? உயரமானவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். மணி அவர் ஒருவருக்குத்தான் அடித்தது.

இனி, மெட்டல் ஏன் என்ற வினா. வீணை ஆகாதா, புல்லாங்குழல் ஆகாதா? ஆகாது. இருபதாயிரம் பேர் கத்தும் அரங்கில் மென்மையான எதுவும் பிழைக்காது. சொற்கள் முதலில் சாகும், அடுத்து மெட்டு சாகும். கரகரவென்று கிழியும் கிதாரும், நெஞ்சில் இடிக்கும் டிரம்ஸும் மட்டுமே தப்பிப் பிழைக்கும். அதோடு மெட்டலில் ஒரே துண்டு இசை சுற்றிச் சுற்றி வருவதால், ஆள் மெதுவாக வந்தாலும் கவலையில்லை, இன்னொரு சுற்று ஓடும். நடைக்கும் தாளத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாதவர் பட்ட பாட்டுக்கு அல்டிமேட் வாரியர் உதாரணம். அவருக்குக் கிடைத்தது தலைதெறிக்க ஓடும் கிதார். எனவே அவரும் தலைதெறிக்க ஓடிவந்தார். கயிற்றைப் பிடித்து உலுக்கினார். ஆட்டம் தொடங்கும்போதே மூச்சு வாங்கினார். அண்டர்டேக்கரோ தம் ஊர்வல இசைக்கு நிமிடக்கணக்கில் நடந்துவந்து, வேர்க்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். 2000-இல் அவருக்கு கிட் ராக், லிம்ப் பிஸ்கிட் என்று துள்ளலான பாட்டுகளை மாட்டிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு அந்த மனிதர் நடக்க முடியுமா? மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். 2004-இல் மணி திரும்பி வந்தது, வண்டி காணாமல் போனது. இதற்குமேல் நிரூபணம் வேண்டுவோர் கணிதத் துறைக்குப் போகலாம்.

சொற்கள் சாகும் என்றேன். டிரிபிள் ஹெச்சுக்காக மோட்டர்ஹெட் குழு ‘தி கேம்’ பாட்டைத் தந்தது. 2001 ரெஸில்மேனியாவில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 60,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், குழுவின் பாடகர் லெம்மி நேரிலேயே வந்து பாடினார். மைக்கை உயரத்தில் மாட்டி, அண்ணாந்து பார்த்துப் பாடுவது அவர் வழக்கம். மழைக்கு வாய் திறந்த மாதிரி இருக்கும். அன்று பாட்டின் வரிகள் அவரிடமிருந்து நழுவி எங்கெங்கோ போயின. யாருக்காவது உறைத்ததா? டிரிபிள் ஹெச் வந்தார், வாயில் தண்ணீரை நிரப்பி அண்ணாந்து பீய்ச்சியடித்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. பாடகரும் வீரரும் ஒருசேர அண்ணாந்த அந்த நாளை ஆய்வுலகம் போதிய அளவு கவனிக்கவில்லை. அந்த உறவு வெறும் வியாபாரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் லெம்மி மறைந்தபோது, அஞ்சலி நிகழ்வில் பேசியவர்களில் டிரிபிள் ஹெச்சும் ஒருவர்.

இப்போது இத்துறையின் தீராத சிக்கலுக்கு வருவோம்: பாட்டைப் போடுவது யார்?

ஒரு வீரர் காயம்பட்டு ஆறு மாதமாக ஆளையே காணோம். வர்ணனையாளர்களுக்குத் தெரியாது, நிறுவன முதலாளிக்குத் தெரியாது, எதிராளிக்குச் சுத்தமாகத் தெரியாது. அவர் திடீரென்று வருகிறார். எல்லோருக்கும் அதிர்ச்சி. சவுண்டு ஆபரேட்டருக்கு மட்டும் அதிர்ச்சியில்லை; சரியான பாட்டை, சரியான இடத்திலிருந்து, ராட்சதத் திரைக்கான வீடியோவோடு சேர்த்து ஓடவிடுகிறார். இதை விளக்க இரண்டு கருதுகோள்கள் உள்ளன. அவருக்கு முக்காலமும் தெரியும் என்பது ஒன்று. பதுங்கி வந்து பழிவாங்கப்போகும் வீரர், போகிற வழியில் அவர் அறையில் தலையை நீட்டி, “அண்ணே, நம்ம பாட்டு” என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதை ஏற்றால், பழிவாங்கும் வெறியிலும் ஒழுங்கு தவறாத அந்தப் பண்பை வியக்க வேண்டியிருக்கிறது.

இதன் கிளைச் சிக்கல் இன்னும் கொடுமை. ஆட்டம் நடக்கிறது. ஜெயிக்கும் நிலையில் இருப்பவரின் பகையாளியுடைய பாட்டு ஒலிக்கிறது. இவர் உடனே பிடியை விட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து வாசலைப் பார்க்கிறார். பின்னாலிருந்து எதிராளி இவரைச் சுருட்டிப் போடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. தோல்வி. பல வாரங்களில் பகையாளி மேடையைவிட்டு இறங்குவதுகூட இல்லை. பாட்டே வேலையை முடித்துவிடுகிறது. பத்தாண்டுகளாக இதே உத்தியில் தோற்றவர்கள்கூட, அடுத்த வாரம் பாட்டு கேட்டதும் திரும்பிப் பார்க்கிறார்கள். முதுகைக் காட்டாதே என்று ஒரு பயிற்சியாளர்கூடவா சொல்லித்தரவில்லை? நுழைவுப் பாட்டு காதால் கேட்கப்படுவதன்று, கழுத்தால் கேட்கப்படுவது என்றுதான் முடிவுகட்ட வேண்டியிருக்கிறது.

பாட்டுக்குச் சட்டப் பக்கமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊரறிந்த பாட்டைப் போட்டால் உரிமைத்தொகை கட்ட வேண்டும். ஜான்ஸ்டன் போன்றவருக்குச் சம்பளம் கொடுப்பது அதைவிட லாபம். பிலடெல்பியாவின் ஈ.சி.டபிள்யூ. நிறுவனம் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. அங்கே சாண்ட்மேன் என்பவர் மெட்டாலிகாவின் ‘என்டர் சாண்ட்மேன்’ ஒலிக்கப் பார்வையாளர்கள் நடுவிலிருந்து வருவார். வாயில் சிகரெட், கையில் பிரம்பு. பீர் டின்னை நெற்றியில் அடித்து அடித்து நசுக்குவார், ரத்தம் வரும்வரை. சண்டை தொடங்குமுன்பே ரத்தம் சிந்தியவர் என்ற பெருமை அவருக்கு. 2001-இல் நிறுவனம் நொடித்துப் போனது. அந்தப் பழைய ஆட்டங்கள் டிவிடியாக வந்தபோது மெட்டாலிகாவை எடுத்துவிட்டு வேறு ஏதோ ஒரு கிதாரை ஒட்டியிருந்தார்கள். அதே ஆள், அதே பீர், அதே நெற்றி. பார்த்தால் யாரோ குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் அலைவது போலிருக்கிறது. 2005-இல் நியூயார்க் ஹாமர்ஸ்டீன் பால்ரூமில் ஒரே ஒரு இரவுக்கு உரிய பாட்டு மீண்டும் ஒலித்தது. அரங்கம் முழுவதும் கூடவே பாடியது.

கடைசியாக அளவை. 2016 நவம்பரில் டொரண்டோவில் கோல்ட்பெர்க் 12 ஆண்டு இடைவெளிக்குப் பின் பிராக் லெஸ்னரோடு மோதினார். ஒப்பனை அறையில் தொடங்கி, நடைவழியெல்லாம் கடந்து, தீப்பொறி மழையில் நின்று மூக்கால் புகைவிட்டு, அவர் வந்து சேரவே பல நிமிடம். சண்டை 86 விநாடி. 2009 ராயல் ரம்பிளில் சாந்தினோ மரெல்லா நுழைந்த 1.9 விநாடியில் கேன் அவரைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பிவைத்தார். பாட்டின் முதல் சுற்று முடியும்வரைகூட அவர் உள்ளே இல்லை. நம் பையன்கள் விளையாடிய டிரம்ப் கார்டில் உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். பாட்டின் நீளத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கவில்லை. அச்சிட்டவர்களின் முறையியல் பிழை அது.

பாட்டுதான் எல்லாம் என்றால் சண்டை எதற்கு என்று ஒரு தடை எழலாம். நியாயமான கேள்வி. மூன்று எண்ணி முடித்த அந்த நொடியில், அறிவிப்பாளர் வாய் திறக்குமுன், வென்றவரின் பாட்டு மறுபடி ஒலிப்பதை நினைத்துப் பாருங்கள். மேன்கைண்டுக்கு ஆரம்ப காலத்தில் வரும்போது ஒரு திகில் இசை, ஜெயித்துப் போகும்போது தாலாட்டு மாதிரி ஒரு பியானோ என்று இரண்டு வைத்திருந்தார்கள். சண்டை இல்லாவிட்டால் இரண்டாவதை எப்போது போடுவது?