காலிஃபிளவரின் தசாவதாரம்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ண வழிகாட்டும் சமையல் நூல்கள், பிற சமையல் நூல்களிலிருந்து ஓர் அடிப்படைக் கூறில் வேறுபடுகின்றன. பிற நூல்கள் உண்ண வேண்டியதைச் சமைக்கக் கற்றுத்தர, இவை உண்ணக் கூடாததன் சாயலில் வேறு எதையோ சமைக்கக் கற்றுத்தருகின்றன. சோற்றை விலக்கச் சொல்லும் நூலின் பொருளடக்கத்தில் சோறு முதலிடம் பெறுவதும், ரொட்டியைக் கண்டிக்கும் நூலில் ரொட்டிக்கென்றே தனி இயல் அமைவதும், சர்க்கரையை நஞ்சென்று முன்னுரையில் சாடிய ஆசிரியரே இறுதி இயலில் அல்வாவுக்கு வந்து சேர்வதும் இவ்வகை நூல்களின் மாறாத மரபுகள்.

இத்துறையின் மூலநூல் இத்தகைய தடுமாற்றங்கள் எதுவும் இல்லாதது. 1863-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர், உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதிய மடல் ஒன்றைச் சிறு நூலாக அச்சிட்டார். அவர் மருத்துவரும் அல்லர், சமையற்கலைஞரும் அல்லர். அரச குடும்பத்தினருக்கே ஈமச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தந்த நிறுவனத்தை நடத்தியவர். சவப்பெட்டி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒருவர், மனிதர்கள் நலமாக வாழ்வதற்கான வழியைத் தம் தொழில் நலனுக்கு எதிராக எழுதி, அதையும் முதலில் இலவசமாகவே வழங்கினார் என்பது பதிப்பு வரலாற்றில் அரிதாகக் காணப்படும் பெருந்தன்மை. 5 அடி 5 அங்குல உயரமும் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ, எடையும் கொண்டிருந்த அவர், காது மந்தம் என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் சென்றார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்குமாறு மருத்துவர் கூற, காதுக்குச் சென்றவர் ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு எடையைக் குறைத்துக்கொண்டார்.

பாண்டிங்கின் நூலில் இறைச்சி, மீன், காய்கறி, பழம், ஓர் அவுன்ஸ் அளவுக்கு வாட்டிய ரொட்டி என உணவுப் பட்டியல் உண்டு. செய்முறை என்று ஒன்றும் இல்லை. விலக்கியதை விலக்கியதாகவே கருதிய அவருக்குக் காய்கறியைத் துருவி ரொட்டி செய்யும் எண்ணம் எழவே இல்லை. மதிய உணவோடு இரண்டு மூன்று கோப்பை திராட்சை மது அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதும் அந்த மனநிறைவுக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்த பெரும் அலை 1972-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூலோடு எழுந்தது. அவருடைய முறை பிற்காலப் பதிப்புகளில் பெற்ற வடிவத்தின்படி, தொடக்கக் கட்டத்தில் நாளொன்றுக்கு 20 கிராம் மாவுச்சத்தே உண்ணலாம். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், அந்த ஒருநாள் ஒதுக்கீடு தமிழர் ஒருவருக்குச் சாம்பார் வந்து சேரும் முன்பே தீர்ந்துவிடும். ஆயினும் முதல் வாரத்தில் எடை விறுவிறுவெனக் குறைவது உண்மை. உடல் தன் மாவுச்சத்துச் சேமிப்பைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் வைத்திருக்கிறது; ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், சேமிப்பு கரையும்போது நீரும் வெளியேறுகிறது. உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அறிவிக்கப்படும் அந்த முதல் வெற்றியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை எடைக்கருவி தெரிவிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்த அலை பேலியோ என்ற பெயரில் கடந்த பத்தாண்டுகளில் பரவியது. வேளாண்மை தோன்றுவதற்கு முற்பட்ட மனிதன் உண்டதாகக் கருதப்படும் உணவைப் பின்பற்றுவதே பேலியோ எனப்படும். அந்த ஆதிமனிதன் காலையில் 100 பாதாம் பருப்பை ஊறவைத்து, உலர்த்தி, நெய்யில் வறுத்து உண்டிருப்பான் என்பது இதன் தமிழ்க் கிளை கண்டடைந்த சிறப்புச் செய்தி. நூறு பாதாம் ஏறத்தாழ 700 கலோரி ஆற்றல் தரும். பத்து இட்லி தருவதைவிட அது அதிகம். பாதாம் இரத்தச் சர்க்கரையை இட்லியைப் போல் உயர்த்துவதில்லை, பசியையும் நெடுநேரம் தாங்கும் என்பவை மறுக்க முடியாதவை; பத்து இட்லிக்குப் பிறகும் பசி பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும் என்பதும் அவ்வாறே.

இத்துறையின் தலைமை நாயகன் காலிஃபிளவர். 100 கிராமுக்கு 5 கிராம் அளவே மாவுச்சத்து கொண்ட இந்தக் காய், தனக்கென வலுவான சுவையும் நிறமும் இல்லாத காரணத்தால், எந்த வேடத்துக்கும் மறுப்புச் சொல்வதில்லை. நூல்களில் அது சோறு, உப்புமா, இட்லி, தோசை, அடை, பொங்கல், பிரியாணி, தயிர்சாதம், ரொட்டி, பீட்சா எனப் பத்து அவதாரங்கள் எடுக்கிறது. ஆனால் சாம்பார் ஊற்றியதும் வேடம் கலைகிறது: சோறு சாம்பாரை உறிஞ்சிக்கொள்ளும், காலிஃபிளவரோ தன்னிடமுள்ள நீரையும் சாம்பாருக்கு அளிக்கும். கோதுமையின் இடத்தை நிரப்பும் பாதாம் மாவின் இயல்பும் இத்தகையதே. மிக்ஸியைச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். மாவைச் சேர்த்துப் பிடிக்கும் பசைத்தன்மைக்கு இசப்கோல் பரிந்துரைக்கப்படுகிறது. மலச்சிக்கலுக்காக மருந்துக்கடையில் வாங்கப்பட்ட அந்த உமி, இந்நூல்களால் சமையலறை அலமாரிக்குப் பதவி உயர்வு பெற்றது.

இந்நூல்களில் செய்முறைதோறும் அடியில் காணப்படும் 'நிகர மாவுச்சத்து' என்னும் கணக்கும் விளக்கத்துக்குரியது. மொத்த மாவுச்சத்திலிருந்து, செரித்துச் சர்க்கரையாக மாறாத நார்ச்சத்தைக் கழித்தால் எஞ்சுவதே நிகரம். கோட்பாட்டளவில் இது குறையற்றது. ஆனால் மார்ச் மாதத்தில் வருமானவரிக்குக் கழிவுகள் தேடுவோரின் ஊக்கத்தோடு இதை அணுகும் வாசகர், எட்டுப் பங்காக வெட்டச் சொன்ன கேக்கை நான்காக வெட்டிவிட்டு, எட்டில் ஒரு பங்கின் கணக்கையே நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார்.

நூல்கள் கருத்தில் கொள்ளாத மற்றொரு காரணி குடும்பம். "ஒரு கரண்டி சோறு போட்டுக்கிட்டா என்னம்மா ஆகிடப்போகுது, முகமே வாடிப்போச்சு" என்னும் மாமியாரின் கேள்விக்கு எந்த நூலின் பின்னிணைப்பிலும் விடை இல்லை. கல்யாணப் பந்தியில் இலைமுன் அமர்ந்து, சோற்று வாளி வரும்போது கைகுவித்து மறுப்பவர் மணவீட்டார்மீது மனத்தாங்கல் கொண்டவராகவே கருதப்படுவார்.

இவ்வளவு கேலிக்கும் அப்பால், இந்நூல்களின் அடிப்படை நோக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், அதிலும் தீட்டிய அரிசி போன்றவற்றுக்கே பெரும்பங்கு என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியுள்ளது. எனினும் மாவுச்சத்துக் குறைப்பு ஒன்றே வழி என்பதும் நிறுவப்படவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டின் முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். காய்கறியை மிகுதியாக உண்ணுமாறும், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்க்குமாறும் இரு அணியினருக்குமே சொல்லப்பட்டிருந்தது.

அந்த அறிவுரையை நிறைவேற்றத் தமிழ்ச் சமையலறைக்கு வேடம் எதுவும் தேவையில்லை. கீரை மசியல், வெண்டைக்காய்ப் பொரியல், அவியல், மீன் குழம்பு, முட்டை, மோர் ஆகியவை தம் சொந்தப் பெயரிலேயே மாவுச்சத்துக் குறைந்தவை. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவில் ஒதுக்கப்பட்டவை. அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்து சோற்றை ஓரத்துக்கு அனுப்பினால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்வது கட்டாயம். இல்லாவிடில் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும்.

நூல் வாங்க விரும்புவோர் கடையில் நின்றபடியே பொருளடக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மீனும் முட்டையும் கீரையும் தம் பெயரிலேயே இடம்பெற்றிருந்தால் வாங்கலாம். சோறு, ரொட்டி, அல்வா என்ற பெயர்கள் பாதிக்கு மேல் இருந்தால், புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்தப் பணத்துக்கு மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.