பனிச்சறுக்குக்கு ஒரு முஸ்தீபு

நல்ல நேரம் பார்த்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலம் போய், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயில வேண்டுமென்று சங்கல்பம் செய்துகொண்ட காரைக்குடிப் பிள்ளையாண்டானுக்கு, மார்கழி விடியலிலேயே மப்ளர் தேடும் தன் தேகத்தின் சுபாவம் சற்றும் நினைவில் இல்லை. கணுக்காலை அசையவொட்டாத பூட்ஸும் சறுக்குப் பலகைகளும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமாதலால், பெட்டியில் பாதி இடத்தைச் சீப்புச் சீடையும் மணகோலமும் அடைத்துக்கொள்ள, எஞ்சியதில் கம்பளி புகுந்தது.

"பனியிலே எதுக்கப்பா கறுப்புக் கண்ணாடி?" என்று அப்பத்தா கேட்டது நியாயமே, வெண்பனி வெயிலைத் திருப்பியடித்துக் கண்ணை வருத்தும் என்றால், சிவகங்கைச் சீமையின் சித்திரையைக் கண்டவர் எவர் நம்புவார்?

தொடைக்கு வலுவேற்ற, முழங்காலை மடக்கி எழும் அப்பியாசத்தை இப்போது ஜிம்மில் பணம் கட்டிக் கற்கிறான். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் சந்நிதியில் அதையே தோப்புக்கரணமென்று இலவசமாகப் போடச் சொன்னபோது மூட்டு வலிக்கிறது என்றவன். கால் விரல்களை நெருக்கிக் குதிகால்களை அகற்றி வேகத்தைத் தணிப்பது ஆரம்பப் பாடமாம். அதற்கும் முந்தியது, அடிபடாமல் பக்கவாட்டில் விழப் பழகுவது. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவும் சிறிது தேங்காயெண்ணெயும் அதற்குப் போதும், அப்பத்தாதான் சம்மதிக்கவில்லை.