தோழி வேஷத்தின் யோகம்

போடி வட்டாரத்து விழாக் கமிட்டிகளைப் போல நாடகக்காரர்களின் தொண்டை மேல் அக்கறை உள்ளவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரவு பத்து மணிக்கு மேடையேற்றினால் விடியும்வரை இறக்க மாட்டார்கள். நடுவில் படுத்தால் போடிமெட்டுக் காற்றில் சளி பிடித்துக்கொள்ளுமே என்ற கவலைதான்.

இப்படி விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரரை இருவரும் மேடையில்தான் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகைச் செலவு கமிட்டிக்கு மிச்சம். அது வாணவேடிக்கையாக மேலே போய் ஊர்ப் பெருமையாகக் கீழே விழும். சுவாமிகள் 1922-இல் கண்ணை மூடினார். மதுரை தமுக்கத்தில் சிலையாக நிற்கிறார். சிலைக்குப் பசிக்காது என்பதால் அவருக்கு நாம் ஒரு குறையும் வைத்ததில்லை.

இந்தத் தொழிலில் நிஜமாகவே கொடுத்துவைத்தவர் தோழியாகவும் டான்ஸாகவும் வருகிற பெண்தான். தரம் பிரிக்கப் போடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சல்லடையில் சலித்து எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயைத் தனியே எடுக்கிற கைகள். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை பார்த்த கண்கள். அதே கண்ணோடுதான் நாடக நோட்டீஸும் அச்சாகிறது. ராஜபார்ட்டுக்குப் பெரிய போட்டோ, பபூனுக்குக் கொஞ்சம் சின்னது. சல்லடைக்குக் கீழே விழுந்தவர்களுக்கு ‘மற்றும் பலர்’. பெயரைப் போட்டால் கண்ணேறு பட்டுவிடாதா?

ஓர் ஊரில் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு பழைய புடவை, அதுதான் ஒப்பனை அறை. தகரப்பெட்டி மேல் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாலு ஊக்குகளைப் பல்லில் கடித்தபடி அந்தப் பெண் ஜடையைத் தைத்துக்கொண்டிருந்தார். புடவை காற்றில் விலகும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள ஊர் இளைஞர்கள் அரை டஜன் பேர் அங்கேயே காவல் இருந்தார்கள். எந்தச் சம்பளமும் வாங்காமல் செய்கிற தொண்டு அது!

இவர்கள் வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போகும்போதும் இதே மரியாதைதான். தொழிலைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, நேற்றுத்தான் வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்தார் என்பார். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத ‘கூத்தாடி’ என்ற பட்டத்தை நாம் தெருவிலேயே கொடுத்துவிடுகிறோம். ஓய்வுபெறும் வயதும் இவர்களுக்கு வைக்கவில்லை. ஓய்வூதியம் என்ற தொந்தரவும் வேண்டாமே. 2020-இல் மட்டும், பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் நேரம் பார்த்து ஊரடங்கு வந்து, கூலியில்லாத ஓய்வு ஒன்று வாய்த்தது. அடுப்புக்கும் சேர்த்துத்தான்.

ஆனாலும் போடி ரசிகர்களின் கலை தாகத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நாரதர் தர்க்கம் வரைக்கும் அசைய மாட்டார்கள். பபூனும் டான்ஸும் ஜோடி சேரும்போது விசில் மலையில் பட்டுத் திரும்பும். நாலு மணிக்கு மேல்தான் சின்னச் சிக்கல். எஸ்டேட் ஜீப்புகள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடும். தினைப்புனம் காத்த வள்ளியை ராத்திரி முழுக்கப் பார்த்த பெண்கள், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறப் போய்விடுவார்கள்.

நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்த அன்றும் அப்படித்தான். முருகன் மாலை போட்டபோது வள்ளிக்குப் பக்கத்தில் தோழி சிரித்துக்கொண்டே நின்றார். எதிரே சுருட்டாத பாய்கள் ஏழெட்டும், வயரைச் சுற்றக் காத்திருந்த ரேடியோ செட்காரர் ஒருவரும் இருந்தார்கள்.