கேளுங்க மாமாவை: ஐப்பசி மழையும் ஜேசிபி மண்ணும்

கே: ஃபேக்டரிக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். அவர்கள் இடம், அவர்கள் மண். ஊருக்கு என்ன வந்தது மாமா? (ஒரகடம் வாசகர்)

ப: மழை வரும்வரைதான் அவர்கள் மண். ஐப்பசியில் ஒரு நாள் கொட்டினால் அது ஊர் ஏரியின் மண்.

கே: மழையில் மண் கரைவது இயற்கைதானே?

ப: கரைவது இயற்கை, வேகம் ஜேசிபி கொடுத்தது. புல்லை வழித்துப்போட்ட சைட்டிலிருந்து விளைநிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு வண்டல் ஓடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. காட்டோடு ஒப்பிட்டால் 1,000 மடங்குக்கும் மேல்.

கே: ஸ்ரீபெரும்புதூர் மண் சென்னை வரை போகுமா?

ப: டிக்கெட் எடுக்காமலே போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வண்டல் உட்காரும் ஒவ்வொரு அடியும் சென்னைக்காரர் குடிக்க வேண்டிய தண்ணீரின் இடம். 2015 சென்னை வெள்ளத்துக்கு வண்டலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆனால் தூர்ந்த கால்வாய் எந்த வெள்ளத்துக்கும் வழிவிடாது.

கே: சட்டம் ஒன்றும் கிடையாதா?

ப: உண்டு, துண்டு துண்டாக. 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டடம் என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு தொழிற்கூடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அனுமதியோடு வரும் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று: மேல்மண்ணை 20 செ.மீ. ஆழத்துக்கு வழித்து, தனியே குவித்து, மரம் நடும்போது திரும்பப் போட வேண்டும்.

கே: 20 செ.மீ. மண்ணுக்கா இத்தனை பாடு?

ப: உயிருள்ள மண் அவ்வளவுதான். நம்பாவிட்டால் கிராவலில் நட்ட வேப்பங்கன்றைக் கேளுங்கள்.

கே: அமெரிக்காவில் எப்படி?

ப: 1 ஏக்கர் கிளறினாலே அனுமதி, வண்டலை எங்கே நிறுத்துவாய் என்ற திட்டமும் கையில் இருக்க வேண்டும். அவர்கள் கிளறிய நிலத்தை அளக்கிறார்கள், நாம் எழும்பும் கட்டடத்தை அளக்கிறோம். ஏரிக்குள் போவது கட்டடமா, மண்ணா? இந்த அளவுகோலை மாற்றாமல் எந்த நிபந்தனை எழுதியும் பாதிப் பயன்தான்.

கே: ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கிறார்கள். சைட்டிலிருந்து ஓடும் கலங்கல் நீரை?

ப: உங்களுக்கு நூற்றுக்கு நூறு. ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான் இருக்கலாம். டீ நிறத்தில் ஓடும் மழைநீருக்கும் அதே குப்பியை நீட்ட வேண்டும். நீரோட்டத்தைத் தடுத்து மாசைப் பெருக்கும் எதையும் தெரிந்தே ஓடையில் விடாதே என்கிறது 1974 நீர்ச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. சைட் சேற்றுக்கு விலக்கு எழுதவில்லை.

கே: தடுப்பு வேலை செய்தால் லாபத்தில் மண் விழும் என்கிறாரே காண்ட்ராக்டர்?

ப: இப்போது ஏரியில் விழுகிறது, தூர் வாரும் செலவு நம் வரிப்பணத்தில். கட்டப்போகும் பகுதியை மட்டும் வழிக்கட்டும். குவியலுக்குத் தார்ப்பாய், தாழ்ந்த பக்கம் துணித்தடுப்பு, வண்டல் படிய ஒரு குட்டை, டிப்பர் டயர் சேற்றை உதிர்க்க கேட்டில் ஜல்லிப் படுகை. மேடு திருத்தும் வேலை புரட்டாசிக்குள் முடியட்டும்.

கே: நம் முன்னோர் ஏரியை எப்படிக் காத்தார்கள்?

ப: இதே வட்டாரத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலையில் ஏரி வாரியம் அமைத்தார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழாது. அவர் உறவினர் பெயரும் விழாது!

கே: நான் தனி ஆள். என்ன செய்ய?

ப: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சிக்குத் தரப்பட வேண்டும், நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை ஆண்டுக்கு இருமுறை தாக்கலாக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபை, பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அன்றைக்குப் போய் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வரத்துக்கால்வாய்க்கு மேலே எத்தனை சைட் திறந்து கிடக்கிறது என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள்.