உங்கள் ஃபைல் உங்கள் கையில்

கே: சிஸ்டம் ஆன் ஆனதும் எஃப்5-ஐ நாலைந்து தடவை தட்டி ‘ரெஃப்ரெஷ்’ பண்ணிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வேகம் கூடுமா?
*– கல்லூரி மாணவர், செம்பட்டி*

ப: கூடாது. திரையில் இருக்கும் ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டும், அவ்வளவே. வேகம் வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்து உட்காரும் ஆப்களில் தேவையில்லாததை ‘டிசேபிள்’ செய்யுங்கள். ஒருமுறை செய்தால் போதும், எஃப்5-க்கு ஓய்வு.

கே: ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே பாமினிதான். நான் அடித்துக் கொடுத்ததை கஸ்டமர் மெயிலில் அனுப்பினால், அங்கே இங்கிலீஷ் எழுத்தாகச் சிதறிக் கிடக்கிறதாம். யுனிகோடுக்கு மாறச் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து மாறணுமா சார்?
*– கடைக்காரர், செம்பட்டி*

ப: மாறணும். இந்த வாரமே.

பாமினியில் ‘தமிழ்’ என்று நீங்கள் அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுவதுதான் அந்த ஃபான்டின் வேலை. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனதும் வேஷம் கலைகிறது. யுனிகோடில் ‘த’வுக்கு என்றே ஓர் எண் உண்டு, அது எந்த நாட்டுக் கம்ப்யூட்டரிலும் ‘த’தான். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். தமிழ்நாடு அரசும் 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யுனிகோடைத் தன் தரமாக ஏற்றது.

மெயில் சிதறுவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பாமினி ஃபைலுக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேட முடியாது. பார்வையில்லாத ஒருவர் அதைக் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னால் ‘ஜே, கே, பி’ என்று ஒப்பிக்கும். ஊர்க்காரர்களின் மனுவும் ஒப்பந்தமும் உங்கள் கடையில்தான் எழுதப்படுகின்றன. அவற்றை இன்னும் இருபது வருஷம் கழித்துத் திறந்தாலும் படிக்க முடிய வேண்டும்.

விரல் பழக்கம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருள் இலவசம். அதில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. பழைய மாதிரியே தட்டுங்கள், யுனிகோடாக விழும். கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுங்கள். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நாலே தட்டு, புள்ளி தானாக விழும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது கூடவே வருகிறது.

பழைய ஃபைல்களை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் மாற்றலாம். மாற்றிய பிரதியில் சர்வே எண், ஆள் பெயர், ‘ஸ்ரீ’, ‘ஜ’ வரும் இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. பத்திரிகை வேலைக்கு அதைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு வேலைக்குப் பாமினி இருக்கட்டும். இன்டிசைனுக்கு மாறினால் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கும்.

கே: மகளிர் குழு லிஸ்ட்டை எக்செல்லில் போட்டேன். 16 இலக்க பேங்க் அக்கவுன்ட் நம்பர் எல்லாம் பூஜ்யத்தில் முடியுது. நான் சரியாத்தான் அடிச்சேன் அண்ணே!
*– குழு ஊக்குநர், ஆத்தூர்*

ப: நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள் தங்கச்சி. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும். 16-வதைப் பூஜ்யமாக்கிவிடும், எச்சரிக்கையும் தராது. நம்பரை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். கூட்டிக் கழிக்காத எந்த நம்பருக்கும், ஆதார், போன் உட்பட, இதுவே வழி. போன இலக்கம் ஃபார்மட் மாற்றினால் திரும்பி வராது. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடியுங்கள். லிஸ்ட்டை பேங்குக்கு அனுப்பியாகிவிட்டதா? உடனே போன் போட்டு நிறுத்துங்கள்.

கே: பிரின்ட் எடுக்க ஆதாரைக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்தானே, பயமில்லையே?
*– பூ வியாபாரி, நிலக்கோட்டை*

ப: அந்தப் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். உங்களைத் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை. ‘மாஸ்க்டு ஆதார்’ டவுன்லோடு செய்யுங்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். அதை ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். பிரின்ட் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கடைக் கம்ப்யூட்டரின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரிலிருந்து ஷிஃப்ட்+டிலீட் கொடுத்து அழிக்கச் சொல்லி, அழிவதைப் பார்த்துவிட்டு நகருங்கள். உங்கள் வாட்ஸ்அப்பில் மட்டும் அழித்தால் கடையில் இறங்கிய பிரதி அப்படியே இருக்கும். மேலே கேள்வி கேட்ட செம்பட்டிக் கடைக்காரருக்கும் இதையே சொல்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் அந்த ஃபோல்டரைக் காலி செய்யுங்கள்.

கே: தெரிந்தவர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது, ‘ஏபிகே’ என்று முடிகிறது. திறக்கலாமா?
*– சேலை வியாபாரி, சின்னாளபட்டி*

ப: வேண்டாம். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஏபிகே என்பது ஆப். உள்ளே நுழைந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பேங்க் ஓடிபி அங்கேதானே வருகிறது! தெரிந்தவர் நம்பர் என்பதால் நம்பாதீர்கள், அவர் போன்தான் முதலில் மாட்டியிருக்கும். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். திறந்து தொலைத்திருந்தால் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் முடக்கி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப்போடுவதுதான் திருடனுக்கு வேண்டியது.

கே: அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. தம்பிக்கு உதவுமா? கடையில் ‘கிராக்’ விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.
*– வாசகி, வத்தலக்குண்டு*

ப: உதவும், கிராக் வேண்டாம். பூட்டை உடைத்துத் தருகிறவர் உள்ளே எதை விட்டுப் போனார் என்று யாருக்குத் தெரியும்? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

முதலில் அண்ணனின் போட்டோக்களைக் காப்பி எடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுங்கள், ரேம் 2 ஜிபிதான் என்றால் 4 ஆக்குங்கள். பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் சவுண்டும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். அதோடு வரும் லிப்ரே ஆபீஸில் வேர்ட், எக்செல் ஃபைல்கள் திறக்கும். பேட்டரி போயிருந்தால் சார்ஜரைச் செருகியே ஓட்டலாம். உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றச் சொல்லுங்கள்.