வந்த காரணம்: சொந்த வேலை

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிற வெளியூர்க்காரர், திரும்பி பஸ் ஏறுவதற்குள் தன் விவரங்களை மூன்று இடங்களிலாவது ஒப்பித்துவிடுகிறார். அர்ச்சனைத் தட்டோடு கோயிலில், பையை இறக்கி வைக்கும்போது லாட்ஜில், லாட்ஜ்காரர் கேட்ட நகலுக்காக ஜெராக்ஸ் கடையில். இந்த மூன்றில் தகவலைப் பதவிசாகக் கையாளுவது கோயில்தான் என்பது என் கட்சி. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்கிறார். பின்னால் நெருக்கியடித்து நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்லவும் செய்கிறார். ரகசியம் காப்பதில் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் எதற்குக் கேட்டாரோ அதோடு சரி. கோமதி அம்மன் சந்நிதியில் சொன்ன விசாக நட்சத்திரம் அடுத்த தட்டு வருவதற்குள் அவருக்கு மறந்துவிடும். 'விசாகக்காரர்களுக்கு இந்த வாரம் நகைக்கடன் சலுகை' என்று மறுநாள் யாரும் போன் செய்வதில்லை. சொல்ல இஷ்டமில்லையா, 'சுவாமி பேருக்கே பண்ணிருங்க' என்றால் போதும். விபூதியிலோ புற்றுமண்ணிலோ ஒரு சிட்டிகை குறையாது. சம்மதம் என்பது நிர்ப்பந்தமில்லாமல், நிபந்தனையில்லாமல், இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதை விளக்க டெலிமெடிசின் செயலியை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அர்ச்சனை டிக்கெட்டைக் காட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும்.

லாட்ஜின் நீள நோட்டைப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், வந்த காரணம், போன் நம்பர், கையெழுத்து. மேல் வரிக்காரர் எந்த ஊர், எத்தனை பேரோடு எந்த அறையில் இருக்கிறார் என்பதைக் கீழ் வரியில் எழுதுகிறவர் பேனா எழுதாததைச் சாக்கிட்டு நிதானமாக வாசித்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் நம் ஆட்கள் காட்டுகிற ஒரே எதிர்ப்பு 'வந்த காரணம்' என்ற கட்டத்தில்தான். நேர்த்திக்கடனுக்கு வந்தவர், கடன் வசூலுக்கு வந்தவர், விசைத்தறிக்கு நூல் விலை பேச வந்தவர், பெண் பார்க்க வந்தவர் எல்லோரும் எழுதுவது 'சொந்த வேலை'. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்புச் சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 9 நீதிபதிகளும் நூற்றுக்கணக்கான பக்கங்களும் தேவைப்பட்டன. நம்மவர் அதை இரண்டு வார்த்தையில் முடித்து, பக்கத்துக் கட்டத்தில் போன் நம்பரை எழுதித் தோற்றும் விடுகிறார்.

கையெழுத்து முடிந்ததும் ஆதார் நகல். 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், உரிமம் பெறாத ஓட்டல்களும் தியேட்டர்களும் அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தது. மே 29-இல், மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அந்த எச்சரிக்கையே வாபஸ் ஆனது. வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதுமாம். நம் வழக்கமான கவனம் என்ன? நகல் கசங்காமல் பார்த்துக்கொள்வது.

அந்த நகல் பிறக்கிற இடம் இன்னும் விசேஷம். கடைச் சுவரில் வாட்ஸப் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கும். 'இதுக்கு அனுப்புங்க' என்பார். அனுப்பியது கம்ப்யூட்டரில் இறங்கி, பிரிண்ட் ஆகி, அங்கேயே குடியேறிவிடும். பட்டா, டிசி, சாதிச் சான்றிதழ், யாருடைய மாமியாருக்கோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே போல்டரில் சமத்துவமாக. காசு தாளுக்குத்தான், பைல் இலவசம். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு உண்டே என்பீர்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருடம். தெருவுக்குத் தெரு சங்கரநாராயணனும் கோமதியும் கோமதிநாயகமும் இருக்கிற ஊரில் பூட்டின் முதல் பாதியைக் கோயில் கோபுரமே சொல்லிவிடும். மீதிக்கு ஆளின் நரையைப் பார்த்தால் ஐந்தாறு முயற்சியில் வந்துவிடும். கடைக்காரர் பொல்லாதவர் இல்லை. அழிக்க அவருக்கு நேரமில்லை, அழிக்கச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரின் ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதுமில்லை.

'நம்மகிட்ட ஒளிக்க என்னய்யா இருக்கு? இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு' என்று ஒரு வாதம் டீக்கடையில் தவறாமல் வரும். சொல்கிறவர் வீட்டுப் படியிறங்கும்போது 'எங்க போறீக?' என்று கேட்டுப் பாருங்கள். சகுனத்தடை என்று திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பதிலாகக் கிடைப்பது 'இந்தா, இப்படித்தான்'. வருமானம் கேட்டால் 'ஏதோ ஓடுது'. இத்தனை நேர்த்தியாகத் தகவல் தராமல் பதில் சொல்லத் தெரிந்தவர்தான், முன்பின் தெரியாத நோட்டில் 'அடுத்து செல்லும் ஊர்' என்பதை நிரப்புகிறார். ஊருக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே என்றால், உண்மைதான். எதிர்வீட்டு அத்தைக்கு நம் கதை தெரியும்; அத்தை கதை நமக்கும் தெரியும். அந்தப் பயத்தில் இருதரப்பும் அடக்கி வாசிக்கும். நம் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு மதியத் தூக்கத்தில் எழுப்பி மனை விற்கிறவரின் கதையில் ஒரு வரிகூட நமக்குத் தெரியாது.

போலீஸ் கேட்டால் லாட்ஜ்காரர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. திருவிழாக் கூட்டத்தில் தங்குகிறவர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்கு அட்டையைப் பார்த்து, பெயரைக் குறித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று; கட்டுக்கட்டாக நகல் சேர்ப்பானேன்? சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தும் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அப்போதும் சட்டம் கவனிப்பது டிஜிட்டலில் உள்ளதையும் டிஜிட்டலுக்கு மாற்றியதையும்தான். நீள நோட்டு நோட்டாகவே இருக்கும்வரை அதற்குக் கவலையில்லை.

கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் ஒன்றை ஆணையமே தருகிறது. லாட்ஜுக்கு அதுவே தாராளம். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர் அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். 8 இலக்கத்தை மறைப்பதற்காக 12 இலக்கத்தையும் சொன்ன பிறகு, கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்: 'ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க.'