வாவிக்கரை வாடகை

கேள்வி: மீன் பாடும் மட்டக்களப்பில் வீட்டு வாடகை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது?

மீன் பாடுகிறது, குடியிருப்பவர் பாடுதான் பெரும்பாடு!

நகரின் நடுவிலுள்ள புளியந்தீவு, பெயருக்கேற்ற தீவு. பாலம் கடந்தால் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஆள் கூடலாம், காணி கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் ஏறின. புதிதாக வீடு கட்ட நினைத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: மட்டக்களப்பில் பெண் எடுத்தால் வாடகை மிச்சமாமே?

மிச்சம் மருமகனுக்கு, கடன் மாமனாருக்கு!

மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பழைய வழமையே பெண்வழிதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெற்றோர் இளைய மகள்மாரோடு அடுத்த வீட்டுக்கு மாறுவதும் உண்டு. மூன்று மகள் என்றால் மூன்று கூரை.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியூரிலிருந்து வரும் மாணவிக்கு அந்தக் கூரை இல்லை. ஒரு யன்னல், மூலையில் ஒரு அடுப்பு, சுவரில் கொடிக்கயிறு. இவ்வளவுக்கும் மாத வாடகை, கரண்ட் பில் தனி. அவளுக்கு உடனே தேவை, விடுதியில் ஒரு கட்டில்.